பையன்கள் விஷயத்தில் முதலாளி சொன்னது சரிதான், ஆனால் வலென்சியா?

எந்தக் கிளப்பின் ரசிகனானாலும் சரி, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது முதல் பதினொருவர் பட்டியல் வெளிவந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வது பயிற்சியாளர்தான். அந்தப் பையனை ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார், கால் நகராத இந்த ஆளை ஏன் மறுபடியும் இறக்கினார் என்று ஆரம்பித்து இடைவேளைக்குள் அவருடைய வேலையையே பறித்துவிடுவோம். நாம் வாயால் பறிப்பதோடு சரி. ஸ்பெயினின் வலென்சியா கிளப்பில் இதே புகாரை வைத்திருந்தவர் கிளப்பின் முதலாளி, சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம். அவரால் நிஜமாகவே பறிக்க முடிந்தது, பறித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், யாரை இறக்க வேண்டும் என்று அவர் தரப்பு நினைத்ததோ கிளப்பின் இளைஞர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த அந்தப் பையன்கள் இருவரும் பின்னால் பெரிய ஆட்டக்காரர்களாகத்தான் ஆனார்கள். கணிப்பு தப்பவில்லை. அப்படியிருந்தும் கிளப் இப்படிச் சரிந்தது எப்படி என்பதுதான் என்னை வருடக்கணக்காகக் குடைகிற விஷயம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1919இல் தொடங்கிய கிளப் இது. 2000, 2001 என்று அடுத்தடுத்து இரண்டு முறை, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் இறுதி ஆட்டத்தில் தோற்றது, 2002இலும் 2004இலும் பயிற்சியாளர் ரஃபா பெனிட்டஸின் கீழ் ஸ்பெயினின் முதல் டிவிஷன் லீகான லா லீகாவை வென்றது. நான் சோபா கேட்டேன், அவர்கள் விளக்கு வாங்கி வந்திருக்கிறார்கள் என்று பெனிட்டஸ் சொன்னது இங்கேதான். கேட்ட ஆட்டக்காரர் ஒருவர், வந்தவர் இன்னொருவர். ஆக ஆட்களை எடுப்பதில் மேலிடத்துக்கும் பயிற்சியாளருக்கும் ஒத்துப்போகாதது லிம் வந்த பிறகு முளைத்ததல்ல. ஆட்களை விற்றுக் காலம் தள்ளுவதும் அவர் கண்டுபிடித்ததல்ல. 2007இல் புது ஸ்டேடியம் கட்ட ஆரம்பித்து, ஸ்பெயினின் நில வியாபாரம் விழுந்தபோது பழைய மெஸ்தாயா ஸ்டேடியத்தின் இடத்தை விற்க முடியாமல், 2009இல் வேலை நின்று, கான்கிரீட் எலும்புக்கூடு மட்டும் ஊருக்குள் நின்றது. அந்தக் கடனுக்குத்தான் 2010இல் தாவிட் வியா பார்சலோனாவுக்கும் தாவிட் சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார்கள், அடுத்த வருடம் ஹுவான் மாத்தா செல்ஸிக்கு. உள்ளூர் நிர்வாகிகள் கையில் இருந்தபோதே கிளப் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. லிம்மைத் திட்டுகிறவர்கள், நான் உட்பட, இந்தப் பகுதியைச் சௌகரியமாக மறந்துவிடுவதுண்டு.

இந்தக் கிளப்பை ஒருவர் விலைக்கு வாங்கவே முடிந்தது எப்படி? ஸ்பெயினில் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறை கால்பந்து கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு வழக்கு ஒழுங்காக இருந்த நான்கு கிளப்புகள் மட்டும், அதாவது ரியல் மாட்ரிட், பார்சலோனா, அத்லெடிக் பில்பாவ், ஒசாசுனா, உறுப்பினர்களின் சொத்தாகவே இருக்கலாம் என்று விட்டது. மற்ற கிளப்புகளில் பங்கு யார் கையில் அதிகமோ அவர் வைத்ததுதான் சட்டம். வலென்சியாவில் பெரும்பங்கு கிளப்பின் அறக்கட்டளை ஒன்றின் பெயரில் இருந்தது, அதை வாங்கியதே மாகாண அரசு ஜாமீன் நின்ற வங்கிக் கடனில். கடனைக் கட்ட வழியில்லை. 2014இல் சுமார் 70 சதவீதப் பங்கு லிம்மின் நிறுவனத்துக்குப் போனது. அன்றைக்கு மெஸ்தாயாவில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தவர்களுக்கு, அதே வாசலில் மஞ்சள் அட்டையில் "லிம் கோ ஹோம்" என்று எழுதிப் பிடிக்கும் நாள் வரும் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் பேசித் தரும் போர்ச்சுகீசிய ஏஜென்ட் ஜார்ஜ் மெண்டிஸ் லிம்முக்கு நெருக்கம், மெண்டிஸின் முதல் வாடிக்கையாளர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ பயிற்சியாளரானார், ஆட்டக்காரர்கள் ரொட்ரிகோவும் ஆந்த்ரே கோமஸும் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பிலிருந்து வந்தார்கள். முதல் சீசனில் நான்காவது இடம், சாம்பியன்ஸ் லீக் தகுதி. பணமும் கொட்டினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2015 கோடையில் கிளப் தலைவர் அமதேவ் சால்வோவும் ஆட்களைத் தேர்வு செய்யும் பொறுப்பிலிருந்த ரூஃபேத்தேவும் வெளியேறினார்கள். கால்பந்து தெரிந்த, முதலாளிக்கு எதிர்வார்த்தை பேசக்கூடிய ஆட்கள் அலுவலகத்தில் இல்லாமல் போனது அப்போதுதான்.

அந்த வருடம் டிசம்பரில் கேரி நெவில் வந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய வலது டிஃபெண்டர், டிவியில் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு விளக்குவதில் கெட்டிக்காரர், அதற்கு முன் எந்தக் கிளப்பையும் பயிற்சியாளராக நடத்தாதவர், ஸ்பானிஷ் பேசத் தெரியாதவர், லிம்மோடு சால்ஃபோர்ட் சிட்டி கிளப்பில் பங்காளி. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றி கூட இல்லை. பிப்ரவரியில் ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கோபா டெல் ரேயின் அரையிறுதியில் பார்சலோனாவிடம் 7-0 என்று தோல்வி. மார்ச் கடைசியில் அவரை அனுப்பியபோது கணக்கு 16 லீக் ஆட்டங்கள், 3 வெற்றி. நெவிலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்படியொரு வேலையை நண்பர் நீட்டினால் யார்தான் வேண்டாமென்பார்கள். பயிற்சியாளர் பதவியையே பழக்கத்தை வைத்து நிரப்பலாம் என்று நினைக்கிற இடத்தில், அதற்குக் கீழே நடக்கிற அணித் தேர்வை மட்டும் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்?

இந்தக் குழப்பம் எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பதற்கு ஒரே ஒரு ஆளைக் காட்டினால் போதும். வோரோ. பழைய டிஃபெண்டர், கிளப்பின் சாதாரண ஊழியர், மாற்று ஆட்டக்காரர் விவரத்தை நடுவரிடம் கொடுக்கிற வேலை. யாரையாவது வேலையைவிட்டு அனுப்பும்போதெல்லாம் அடுத்த ஆள் வரும்வரை இவரைக் கூப்பிட்டு அணியைக் கொடுப்பார்கள், இவரும் தலையாட்டிவிட்டு வந்து நான்கு ஆட்டம் பார்த்துக்கொண்டு பழைய நாற்காலிக்குத் திரும்புவார். 2008இல் தொடங்கியது இது. 2016 டிசம்பரில் பயிற்சியாளர் சேஸரே பிராண்டெல்லி, ஆட்களை எடுத்துத் தருவதாகச் சொன்னதைச் செய்யவில்லை என்று ராஜினாமா செய்தபோதும் அவர்தான் வந்தார், 2020இலும் 2021இலும் அவர்தான், 2023இலும் அவர்தான். வலென்சியா ரசிகர்களைப் பொறுத்தவரை மைதான ஓரத்து டச்லைனில் வோரோவின் முகம் தெரிந்தால் கிளப்பில் மறுபடி தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நல்ல இரண்டு வருடங்களுக்கு வருவோம். 2017இல் மத்தேவ் அலெமானி என்ற நிர்வாகியிடம் கால்பந்துப் பக்கத்தை ஒப்படைத்தார்கள், அவர் பயிற்சியாளராக மார்செலினோவைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து இரண்டு முறை நான்காவது இடம். மார்செலினோவின் ஆட்டம் அசைக்க முடியாத 4-4-2, அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சண்டை முழுவதும் இதற்குள் இருக்கிறது. நடுவில் டானி பரேஹோ, பக்கத்தில் ஓடி அடைக்க கொக்கலின் அல்லது கோண்டோக்பியா. வலது ஓரத்தில் கார்லோஸ் சோலர், அவர் இயல்பில் விங்கரே அல்ல, நடுக்கள ஆள். அவரை அங்கே நிறுத்தியதற்குக் காரணம், பந்து எதிரணியிடம் போன அடுத்த நொடியே ஓரத்தில் நிற்பவர் உள்ளே ஒடுங்கி வந்து நடுவிலிருக்கும் இருவருக்குத் துணை நிற்க வேண்டும், ஓர டிஃபெண்டர் மேலே போனால் அவர் விட்ட இடத்தை ஓடி நிரப்ப வேண்டும், தொண்ணூறு நிமிடமும். இந்த அமைப்பில் 18, 19 வயது விங்கருக்கு இடம் கொடுப்பது கஷ்டம். ஸ்டிரைக்கருக்குப் பின்னால் சுற்றித் திரிந்து பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பத்தாம் நம்பர் ஆளுக்கு இடமே கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், கிளப்பின் அகாடமியில் அப்போது இருந்த இரண்டு வைரங்களில் ஒருவர் 18, 19 வயது விங்கர், ஃபெரான் டோரஸ். இன்னொருவர் அசல் பத்தாம் நம்பர், பத்து வயதில் கொரியாவிலிருந்து வந்து அங்கேயே வளர்ந்த லீ காங்-இன்.

மார்செலினோ இருவரையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. ஃபெரான் நிறைய ஆட்டங்களில் இறங்கினார், பாதிக்கு மேல் மாற்று ஆட்டக்காரராக. 2019 ஜனவரியில், லீகில் டிரா மேல் டிராவாகப் போட்டு (அந்த சீசனில் மட்டும் 16 டிரா) மார்செலினோவின் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில், கோபா காலிறுதியில் ஹெட்டாஃபே முதல் ஆட்டத்தை வென்றிருந்தது, மெஸ்தாயாவில் நடந்த இரண்டாவதிலும் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட்டது. அப்புறம் ரொட்ரிகோ மூன்று கோல் அடித்தார், அதில் இரண்டு தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு அடுத்தடுத்து. அந்தக் கடைசிக் கலவரத்தில் பந்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர் பெஞ்சிலிருந்து வந்த 17 வயது காங்-இன். மே 25ஆம் தேதி, கிளப்பின் நூறாவது ஆண்டில், செவில் நகரில் மெஸ்ஸி ஆடிய பார்சலோனாவை 2-1 என்று வென்று கோபாவைத் தூக்கினார்கள். 11 வருடத்தில் முதல் கோப்பை.

செப்டம்பர் 11ஆம் தேதி, லீகில் மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில், மார்செலினோவை அனுப்பிவிட்டார்கள்.

விடைபெறும்போது மார்செலினோ சொன்னது எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. கோப்பையை வென்றதே தன் வேலை போனதற்குத் தூண்டுதல் என்று தான் முழுமையாக நம்புவதாகச் சொன்னார். லீகில் நான்காவது இடம்தான் முக்கியம், கோபாவைக் கைவிடு என்கிற மாதிரிச் செய்திகள் மேலிடத்திலிருந்து வந்தன என்றும் சொன்னார். கிளப் தரப்பு வாதம் வேறு. அகாடமிப் பையன்களுக்கு இடம் கொடுத்து அணியை வளர்ப்பது கிளப்பின் கொள்கை, அதை ஏற்காமல் பயிற்சியாளர் வெளியே பேசினார் என்பது அவர்கள் பக்கம். அந்தக் கோடையில் ரொட்ரிகோவை அத்லெடிகோ மாட்ரிடுக்கு விற்க முயன்று கடைசி நேரத்தில் நின்றுபோனதும், மார்செலினோ கேட்ட ஆட்டக்காரர் ரஃபின்யா வராமல் போனதும், இவற்றைப் பற்றி அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் மனத்தாங்கலைக் காட்டியதும் உண்மை. முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர் முதலாளியைப் பற்றி மைக்கில் பேசினால் என்ன ஆகும் என்பது ஊருலகத்துக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கோப்பை வென்று நான்கு மாதம் ஆகாத ஆளை, சாம்பியன்ஸ் லீகில் செல்ஸியோடு ஆட ஆறு நாள் இருக்கும்போது அனுப்புவதா?

இப்போது முதலாளி பக்கம் நின்று பேசிப் பார்ப்போம், ஏனென்றால் பேச நிறையவே இருக்கிறது. மார்செலினோ போன பிறகு வந்த ஆல்பெர்ட் செலாடெஸின் கீழ் ஃபெரான் முதல் பதினொருவரில் நிலையானார். சாம்பியன்ஸ் லீகில் அணி செல்ஸியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் 1-0 என்று ஜெயித்தது, டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸையும் ஜெயித்தது, அந்த ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் ஃபெரான். செல்ஸி, அயாக்ஸ் இருவரையும் பின்னுக்குத் தள்ளிப் பிரிவில் முதலிடம். ஃபெரான் பின்னால் மான்செஸ்டர் சிட்டிக்கும் அங்கிருந்து பார்சலோனாவுக்கும் போனார். காங்-இன் 2019இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர், பின்னால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பாரிஸ் சான் ஜெர்மான் என்றெல்லாம் சேர்ந்தது. ஒரு ரசிகன் இப்படிக் கணித்திருந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் சாகடித்திருப்பான்.

அப்படியானால் அந்தக் கணிப்பால் வலென்சியாவுக்கு என்ன கிடைத்தது? ஃபெரானின் ஒப்பந்தம் 2021 ஜூனில் முடிவதாக இருந்தது, அதை நீட்டிக்க முடியாமல் 2020இல் சுமார் 2.3 கோடி யூரோவுக்கு விற்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து பார்சலோனா சிட்டிக்குக் கொடுத்தது 5.5 கோடி. காங்-இன் கதை இன்னும் மோசம். செலாடெஸ் இருந்தபோதும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை, அடுத்து வந்த ஹாவி கிராசியா இருந்தபோதும் இல்லை, ஆக அவரை இறக்காதது மார்செலினோவின் பிடிவாதம் மட்டும் அல்ல என்பது தெளிவானது. 2021 ஆகஸ்டில் பிரேசில்காரர் மார்கோஸ் ஆந்த்ரேயை வாங்கினார்கள். ஸ்பெயினில் ஒரு கிளப் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேரைத்தான் பதிவு செய்யலாம், வலென்சியாவில் மூன்று இடமும் நிரம்பியிருந்தது. எனவே ஒரு இடத்தைக் காலி செய்யக் காங்-இன்னின் ஒப்பந்தத்தை முடித்து இலவசமாக அனுப்பினார்கள். வேறு கிளப் கூட்டிப்போக வேண்டுமென்றால் 8 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று விலகல் தொகை போட்டு வைத்திருந்த பையன், ஒரு பைசா வாங்காமல் இன்னொரு ஸ்பானிஷ் கிளப்பான மயோர்காவுக்கு. இரண்டு வருடத்தில் மயோர்கா அவரை 2 கோடி யூரோவுக்கு மேல் பாரிஸுக்கு விற்றது.

எந்தப் பையனை இறக்கவில்லை என்று ஒரு பயிற்சியாளரோடு மோதினார்களோ, அதே பையனைச் சும்மா கொடுத்து அனுப்பிய அலுவலகம் இது. அதற்காக, லிம் பக்கம் சொன்ன இளைஞர் கொள்கையைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பையன்களை வளர்ப்பது என்றால் ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி நீட்டிக்க வேண்டும், அவன் எந்த இடத்தில் ஆடுவான் என்று பார்த்து அதற்கேற்ற ஆட்டமுறை வைத்திருக்கிற பயிற்சியாளரை முதலிலேயே எடுக்க வேண்டும், அவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களை விற்காமல் இருக்க வேண்டும். இதெல்லாம் அலுவலகம் தினமும் செய்கிற சலிப்பான வேலை. செய்யத் தெரிந்த அலெமானி 2019 நவம்பரில் போய்விட்டார். கோப்பையைத் தூக்கிய கேப்டன் பரேஹோவை அடுத்த கோடையில் காசு வாங்காமலே பக்கத்து ஊர் வில்லாரியலுக்கு விட்டார்கள், கூடவே கொக்கலினும் போனார், ரொட்ரிகோ லீட்ஸுக்கு. அந்தக் கோடையில் புதிதாக ஒரு ஆளைக் கூட வாங்கவில்லை. பாவம் கிராசியா, வந்த சில மாதத்திலேயே விலகப் பார்த்தார், ஒப்பந்தம் விடவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: தனியார் முதலாளி வந்தாலே இப்படித்தான், கிளப் ரசிகர்கள் கையில் இருக்க வேண்டும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வலென்சியாவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லாத வில்லாரியலில் 1997லிருந்து ஒரே முதலாளி, டைல்ஸ் வியாபாரம் செய்யும் ஃபெர்னாண்டோ ரோய்க். ஊரின் மக்கள்தொகை சுமார் 50,000. வலென்சியா இலவசமாக விட்ட பரேஹோவை வைத்துக்கொண்டு அந்தக் கிளப் 2021இல் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்ட்டியில் 11-10 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையை எடுத்தது, அடுத்த வருடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. ரோய்க்குக்கும் அணித் தேர்வில் அபிப்பிராயம் இல்லாமலா இருக்கும்? ஆனால் அவர் மைதானத்துக்கு வருகிறார், தோற்றால் ஊரில் எதிர்ப்படுகிறவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். லிம் வருடக்கணக்காக மெஸ்தாயா பக்கமே வரவில்லை.

இன்னொரு பக்கம் அத்லெடிக் பில்பாவ். பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ள ஆட்டக்காரர்களைத் தவிர வேறு யாரையும் சேர்ப்பதில்லை என்பது அங்கே நூறு வருட வழக்கம். யோசித்தால், உலகத்தில் எந்த முதலாளியும் பயிற்சியாளர் மேல் போடாத கடுமையான அணித் தேர்வுக் கட்டுப்பாடு அது. அந்த வேலையை 2021 ஜனவரியில் ஏற்றவர் யார் தெரியுமா, இதே மார்செலினோ. வந்த இரண்டு வாரத்துக்குள் பார்சலோனாவைத் தோற்கடித்து ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மேலிடத்தின் விருப்பத்தை மதிக்கத் தெரியாத ஆள் என்றால் அங்கே எப்படி வேலை பார்த்தார்? அங்கே விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டது, தலைவரைத் தேர்தலில் மாற்றலாம். வலென்சியாவில் விதி என்ன என்பது கோப்பையை வென்ற பிறகுதான் பயிற்சியாளருக்குத் தெரிகிறது.

இதற்கெல்லாம் ஒரு கிறுக்குத்தனமான பின்கதையும் உண்டு. 2023 தொடக்கத்தில் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் நிலையில் இருந்தது, பயிற்சியாளர் கட்டுஸோ போய்விட்டார், வோரோ வந்துவிட்டுப் போனார், கடைசியில் 2002, 2004 லீக் வென்ற அணியின் ருபேன் பராஹாவைக் கூப்பிட்டார்கள். வாங்கக் காசில்லை, இருந்த பெரிய பெயர்கள் ஓடவில்லை, வேறு வழியில்லாமல் அகாடமிப் பையன்களை இறக்கினார். ஹாவி கெர்ரா கடைசி நிமிடத்தில் வயதோலிடுக்கு எதிராக ஜெயிக்கும் கோலை அடித்தார். தியேகோ லோபஸ் ரியல் மாட்ரிடுக்கு எதிராக அடித்தார், கடைசி ஆட்டத்தில் பேத்திஸுக்கு எதிராகவும் அடித்தார். 16ஆவது இடத்தில் தப்பித்தார்கள், அடுத்த சீசன் அதே பையன்களோடு 9ஆவது இடம். லிம் 2019இல் கேட்டது இதுதான் என்று யாராவது வாதாடினால் என்னால் மறுக்க முடியாது. பராஹா சொன்னால் அந்த மைதானம் பொறுத்துக்கொள்ளும், பையன்கள் தப்புச் செய்தாலும் விசில் அடிக்காது. அதே காரியத்தை சிங்கப்பூரிலிருந்து உத்தரவாக அனுப்பினால் பொறுத்துக்கொள்ளாது. பராஹாவையும் 2024 டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

2025 மார்ச்சில் லிம்மின் மகன் கியாட் லிம் கிளப் தலைவரானார். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்தக் கான்கிரீட் எலும்புக்கூட்டில் மறுபடி வேலை தொடங்கியது, 2009இல் நின்ற வேலை. கார்லோஸ் கொர்பெரான் வந்து அணியைக் கடைசி இடங்களிலிருந்து 12ஆவது இடத்துக்குத் தூக்கினார். நம்பலாமா என்று லேசாக ஆசை வந்த சமயத்தில், அந்த ஜூலையில், அகாடமியில் வளர்ந்த 21 வயது சென்டர்பேக் கிறிஸ்டியன் மோஸ்கேரா ஆர்சனலுக்குப் போனார். ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் பாக்கி இருந்ததால் ஆர்சனலுக்கு மலிவாகக் கிடைத்தார், அதாவது ஃபெரான் போன அதே வழியில். இவர் முதல் பதினொருவரில் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தவர் என்பதால் இந்த முறை திட்டுவதற்குப் பயிற்சியாளரும் கிடைக்கவில்லை.